முந்திரித் தோப்பில் ஒரு மாசி மாதம்

பாயசம் தாளிக்கும்போது நெய்யில் நாலு முந்திரிப் பருப்பைப் போடுகிறோம். பொன்னிறமாகச் சிவந்ததும் எடுத்து மேலே தூவுகிறோம். அந்தப் பருப்பு எங்கே விளைந்தது, யார் கையால் உடைபட்டது என்று அந்த நேரத்தில் நினைக்கிறோமா? நானும் நினைத்ததில்லை. என் மாமியாரோடு விருத்தாசலம் போய் வந்த பிறகுதான் நினைக்கத் தொடங்கினேன்.

நாங்கள் இருப்பது சேத்தியாத்தோப்பு. வெள்ளாற்றின் அணைக்கட்டும், கூட்டுறவு சர்க்கரை ஆலையும், ஆலைக்குப் போகும் கரும்பு லாரிகளும்தான் எங்கள் ஊருக்கு அடையாளம். திரும்பின பக்கமெல்லாம் நெல்லும் கரும்பும். முந்திரிக்கும் இந்த ஈர மண்ணுக்கும் சம்பந்தமே கிடையாது. ஆனால் என் மாமியார் பிறந்தது பண்ருட்டிப் பக்கம், செம்மண் பூமி. அவருக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த முக்கால் ஏக்கர் நிலம் அங்கேதான் இருக்கிறது. அதில் நாற்பது முந்திரி மரங்கள் இருந்தன. ‘இருந்தன’ என்றுதான் சொல்ல வேண்டும். 2011-ம் ஆண்டு டிசம்பர் 30-ம் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்த ‘தானே’ புயல் ஒரே இரவில் எல்லாவற்றையும் சாய்த்துவிட்டுப் போய்விட்டது. வேலி ஓரத்தில் ஒரே ஒரு மரம் மட்டும் கிளை ஒடிந்து நின்றது. விழுந்த மரங்களை விறகுக்குப் போட்டோம். எங்கள் ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல இது. பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரியும் பலாவும் வைத்திருந்த எத்தனையோ குடும்பங்களுக்கு அன்றோடு வருமானம் நின்றுபோனது.

அதற்குப் பிறகு அந்த நிலம் சும்மாதான் கிடந்தது. சென்ற வருஷம் ஒரு மனைத் தரகர் வந்து விலை கேட்டார். மகளின் படிப்புச் செலவு கண் முன்னால் நிற்கிறது. “வித்துடலாம்” என்றார் என் கணவர். உண்மையைச் சொல்கிறேனே, எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அத்தை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, கீரை ஆய்ந்துகொண்டே, “விக்கறதுன்னா வித்துக்குங்கம்மா. ஆனா மாசி மகத்துக்கு விருத்தாசலம் போறப்ப, அங்க முந்திரி ஆராய்ச்சித் தோட்டம் ஒண்ணு இருக்குதாமே, அதை ஒரு தடவை பாத்துட்டு வந்து அப்புறம் முடிவு பண்ணுங்க” என்றார். எழுபதை நெருங்குகிறவர் கேட்கிறார். மறுக்க மனம் வரவில்லை.

பழமலையும் பீங்கானும்

சேத்தியாத்தோப்பிலிருந்து மேற்கே கம்மாபுரம் வழியாகப் பஸ் போகிறது. கொஞ்ச தூரம் வரை இரண்டு பக்கமும் பச்சை. பிறகு மெல்ல மெல்ல மண்ணின் நிறம் மாறுகிறது. வடக்கே தொலைவில் நெய்வேலிச் சுரங்கத்து மண்மேடுகள். விருத்தாசலத்தை நெருங்கும்போது குங்குமம் கொட்டினாற்போலச் சிவப்பு மண்.

விருத்தாசலம் என்றால் நம் வீடுகளில் இரண்டு விஷயம்தான் ஞாபகம் வரும். ஒன்று மணிமுத்தாற்றங்கரையில் இருக்கும் விருத்தகிரீஸ்வரர் கோயில். பழமலைநாதர் என்றும் சொல்வார்கள். மற்றொன்று பீங்கான். கொலு பொம்மையும் அகல் விளக்கும் மின்சாரச் சாமான்களும் செய்கிற சின்னச் சின்னப் பட்டறைகள் இங்கே நிறைய. மூன்றாவதாக ஒன்று இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதுதான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம். நிலக்கடலையிலும் முந்திரியிலும் புதிய ரகங்களைக் கண்டுபிடித்துக் கொடுக்கிற இடம்.

மாசி மகக் கூட்டத்தில் நீந்தி சாமி தரிசனத்தை முடித்துக்கொண்டோம். மறுநாள் காலையில் வாசலில் அனுமதி கேட்டு உள்ளே போனோம். மாசி மாதம் முந்திரி பூக்கும் காலம். கொத்துக் கொத்தாக வெளிர் நிறத்தில் சின்னஞ்சிறு பூக்கள். நடுவில் இளஞ்சிவப்புக் கோடு. என்ன வாசனை என்கிறீர்கள்! அத்தை ஒரு நிமிஷம் அப்படியே நின்றுவிட்டார்.

கொட்டை முதலில், பழம் பிறகு

எங்களைச் சுற்றிக் காட்டிய ஊழியர் பொறுமைசாலி. முந்திரி நம் ஊர் மரமே இல்லை என்றார். அதன் தாயகம் பிரேசில் நாட்டின் வடகிழக்குக் கரை. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர்கள் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். மண் அரிப்பைத் தடுக்கத்தான் முதலில் நட்டார்களாம். மாமரமும் முந்திரியும் ஒரே குடும்பம் என்றதும் எனக்கு ஆச்சரியம். இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்தேன். ஆமாம், மாவிலை வாசம்தான்!

“பழத்துக்கு வெளியில கொட்டை தொங்குதே, எப்படி சார்?” என்று கேட்டேன். நாம் பழம் என்று சொல்வது உண்மையில் பழமே இல்லையாம். பூவின் காம்புதான் அப்படி உப்பிப் பழம் மாதிரி ஆகிறது. கொட்டைதான் நிஜமான காய். அதனால்தான் கொட்டை முதலில் முழு அளவுக்கு வளர்ந்துவிடுகிறது. காம்பு பிறகுதான் பருக்கிறது. ஒரே கிளையில் இரண்டு நிலையையும் கண்ணால் பார்த்தோம். ஒரு கொத்தில் நூற்றுக்கணக்கில் பூ இருந்தாலும் பெரும்பாலானவை ஆண் பூக்கள். காய்க்கக் கூடிய இருபால் பூக்கள் குறைவு. அதனால் தேனீக்கள் வரவேண்டியது முக்கியம். பூக்கும் நேரத்தில் கண்டபடி மருந்து அடித்தால் நஷ்டம் நமக்குத்தான்.

பிறகு அவர் சொன்னதுதான் அத்தையை நிமிர்ந்து உட்கார வைத்தது. வி.ஆர்.ஐ. 1 என்ற ரகம் 1981-லும், வி.ஆர்.ஐ. 2 1985-லும், வி.ஆர்.ஐ. 3 1991-லும் இந்த நிலையத்திலிருந்து வெளிவந்தன. இவை ஏதோ கண்ணாடிக் குழாயில் செய்தவை அல்ல. கிராமம் கிராமமாகப் போய், ‘இந்த மரம் நன்றாகக் காய்க்கிறது’ என்று ஜனங்கள் சொன்ன மரங்களைத் தேடிப் பிடித்து, கன்று வளர்த்து, வருஷக் கணக்கில் ஒவ்வொரு மரத்தின் கொட்டையையும் எண்ணி, நிறுத்து, உடைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவை.

“அப்ப எங்க ஊரு மரந்தான் இதுங்களுக்குத் தாயா தம்பி?” என்றார் அத்தை.

“அப்படித்தாம்மா. நல்ல மரத்தை முதல்ல அடையாளம் காட்டினது நீங்கதானே” என்றார் அவர்.

வி.ஆர்.ஐ. 3-ன் ஒரு கொட்டை சுமார் 7 கிராம் எடை. பத்துக் கிலோ கொட்டையை உடைத்தால் கிட்டத்தட்ட மூன்று கிலோ பருப்பு கிடைக்கும். அந்தப் பருப்பு 210 என்ற தரத்தைச் சேர்ந்தது. கடையில் 180, 210, 240, 320 என்று எண் போட்டு விற்கிறார்களே, அது என்ன தெரியுமா சகோதரிகளே? ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, எத்தனை முழுப் பருப்பு நிற்கும் என்ற கணக்கு. எண் குறைந்தால் பருப்பு பெரிது, விலையும் பெரிது. பாயசத்துக்கும் குருமாவுக்கும் உடைந்த பருப்பே போதும். சத்தில் ஒரு குறையும் இல்லை.

ஒட்டுக் கட்டுகிற கை

“கொட்டையைப் போட்டா முளைச்சுட்டுப் போகுது. ஒட்டு எதுக்கு?” என்று அத்தை கேட்டார். நல்ல கேள்வி. ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகள் ஒரே மாதிரியா இருக்கிறார்கள்? முந்திரிக் கொட்டையும் அப்படித்தான். மகரந்தம் எந்த மரத்திலிருந்து வந்ததோ! தாய்மரம் கூடை கூடையாகக் காய்த்தாலும், அதன் கொட்டையிலிருந்து முளைத்தது கைநிறையக்கூடக் காய்க்காமல் போகலாம். ஒட்டுக் கன்று தாயின் குணத்தை அப்படியே கொண்டுவரும். மூன்றாம் வருஷமே காய்ப்புக்கும் வந்துவிடும்.

நாற்றங்காலில் பெண்கள் உட்கார்ந்து ஒட்டுக் கட்டுவதைப் பார்த்தோம். ஒன்றரை, இரண்டு மாதத்துக் கன்றின் தலையைச் சீவிவிட்டு, தண்டின் நடுவே கத்தியால் ஒரு பிளவு. நல்ல மரத்திலிருந்து எடுத்த பென்சில் பருமன் குச்சியை ஆப்பு மாதிரிச் சீவி அதில் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிச் சுற்றுகிறார்கள். பூத்தொடுக்கிற விரல்கள் மாதிரி அத்தனை வேகம்!

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. “இருக்கிறதிலே நல்ல ரகமா பாத்து அதையே எல்லாரும் வெச்சுட்டா போதுமே சார்?” அவர் தலையை ஆட்டினார். அமெரிக்காவில் செஸ்ட்நட் என்று ஒரு கொட்டை மரம். காடு காடாக இருந்ததாம். 1904-ல் நியூயார்க்கில் ஒரு பூசண நோய் தென்பட்டது. ஐம்பது வருஷத்துக்குள் கோடிக்கணக்கான மரங்கள் பட்டுப்போயின. நோயைத் தாங்கும் மரத்தை உண்டாக்க அங்குள்ள விஞ்ஞானிகள் ஆசியச் செஸ்ட்நட்டோடு கலப்புச் செய்து இன்றுவரை பாடுபடுகிறார்கள். ஐரோப்பாவிலும் 1938-ல் இத்தாலியில் அதே நோய் வந்தது. மலைக் கிராமத்து ஏழைகள் அந்தக் கொட்டையை மாவாக்கி ரொட்டி சுட்டுச் சாப்பிட்டவர்கள். அவர்கள் கதி என்ன ஆகும்? நல்ல வேளையாக, அந்தப் பூசணத்தையே பலவீனமாக்கும் ஒரு வைரஸ் அங்கே தானாகத் தோன்றி மரங்களைக் காத்தது. “அதனாலதான் ஒரே ரகத்தையே நம்பக் கூடாதும்மா. நாலு குணம் உள்ள மரம் இருந்தாத்தான், ஒண்ணு போனாலும் ஒண்ணு நிக்கும்” என்றார்.

அத்தை சட்டென்று, “எங்க தோட்டத்துல புயலுக்கு ஒரு மரம் நின்னுது தம்பி. இன்னிக்கும் காய்க்குது” என்றார்.

“அதுல குச்சி எடுத்து ஒட்டுக் கட்டலாமே! இப்ப பூவா இருக்கும். அறுவடை முடிஞ்சு, மழைக்குத் தளிர் விட்டப்புறம் எடுங்க” என்றார் அவர். அத்தையின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும்.

பாலும் பழமும்

இந்த இடத்தில் தாய்மார்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முந்தின வருஷம் அந்த ஒற்றை மரத்தடியில் விளையாடிய என் ஆறு வயது மகன், பச்சைக் கொட்டையைப் பல்லால் கடித்துவிட்டான். உதடெல்லாம் வீங்கிக் கொப்புளம். இரண்டு நாள் சோறு இறங்காமல் குழந்தை தவித்தது. கொட்டையின் ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலைச் சுட்டுவிடும். பட்டால் உடனே சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். அந்தக் கையால் கண்ணைத் தொடவிடாதீர்கள். வாயிலோ கண்ணிலோ பட்டால் கைவைத்தியம் வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள். பச்சைக் கொட்டையை வீட்டு அடுப்பில் சுடுவதும் ஆபத்து. அந்தப் புகையும் எரிச்சல் தரும்.

இதே எண்ணெய்தான் வண்டி பிரேக்குகளிலும் பெயிண்டிலும் வார்னிஷிலும் பயன்படுகிறது. ஒரு பக்கம் விஷம், மறு பக்கம் விலை! ஆனால் அந்த விலையைக் கொடுப்பது யார்? வறுத்தோ வேகவைத்தோ கொட்டையைத் தட்டி உடைப்பது பெரும்பாலும் பெண்கள். என் அத்தை பத்து வயதில் தொடங்கி நாற்பது வயது வரை உடைத்தவர். சாம்பலையும் விளக்கெண்ணெயையும் தடவிக்கொண்டு உட்காருவார்களாம். இன்றும் அவருடைய விரல் நுனிகள் வழவழவென்று இருக்கும். ரேஷன் கடை மெஷினில் விரலை வைத்தால் ரேகை பதிவதில்லை. ஒவ்வொரு மாதமும் நாலைந்து விரலை மாற்றி மாற்றி வைப்பார். வயசான கை என்று நினைத்திருந்தேன். அன்று திரும்பும் பஸ்ஸில்தான் காரணத்தைச் சொன்னார். பதினெட்டு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறேன். கேட்கத் தோன்றவில்லையே! இந்த வேலை செய்யும் சகோதரிகள் கையுறை இல்லாமல் உட்காரவே கூடாது.

பழத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கொட்டையைத் திருகிக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே விட்டுவிடுகிறோம். ஆரஞ்சுப் பழத்தைப்போல் நாலைந்து மடங்கு வைட்டமின் ‘சி’ அதில் இருக்கிறதாம்! தொண்டையைப் பிடிக்கும் துவர்ப்புதான் தடை. அதற்கு வழி இருக்கிறது. ஒரு லிட்டர் சாற்றுக்கு 5 கிராம் ஜவ்வரிசி மாவைக் கொஞ்சம் தண்ணீரில் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறவைத்துக் கலந்து, இரவு முழுவதும் அசையாமல் வையுங்கள். துவர்ப்பு அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்ததை மட்டும் இறுத்துச் சர்க்கரை சேர்த்துக் குடிக்கலாம். பறித்த அன்றே செய்ய வேண்டும், பழம் தங்காது.

பருப்பைப் பற்றி ஒரு பயம் நம்மிடம் உண்டு: முந்திரி தின்றால் கொலஸ்ட்ரால் ஏறும் என்று. எந்தச் செடி கொடுக்கும் பருப்பிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. அதில் இருப்பது பெரும்பாலும் நல்ல வகைக் கொழுப்புதான். புரதமும் மக்னீசியமும் உண்டு. ஆனால் பத்துப் பருப்பிலேயே 80, 90 கலோரி ஆகிவிடும். கொறித்துக்கொண்டே டி.வி. பார்த்தால் உடம்பு கேட்குமா? ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முழுப் பருப்பாகக் கொடுக்காதீர்கள். மூச்சுக் குழலில் சிக்கிக்கொள்ளும். பொடித்து கஞ்சியில் சேர்க்கலாம். முதல் தடவை துளிதான். தடிப்போ வாந்தியோ வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். சிலருக்கு இது ஒத்துக்கொள்ளாது.

ஐந்து குழிகள்

வீட்டுக்கு வந்த இரவு என் கணவரிடம் கணக்கைச் சொன்னேன். 7 மீட்டருக்கு 7 மீட்டர் இடைவெளி விட்டால் முக்கால் ஏக்கரில் அறுபது மரம் நிற்கும். நம் நாட்டு முந்திரித் தொழிற்சாலைகளே ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாகக் கொட்டை வரவழைக்கின்றன. விளைந்தால் வாங்க ஆளில்லாமல் போகாது. மூன்று வருஷம் பொறுக்க வேண்டும். படிப்புக்கு வங்கியில் கடன் கேட்டுப் பார்க்கலாம். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “மறுபடி புயல் வந்தா?” என்றார்.

என்னிடம் பதில் இல்லை. உள்ளேயிருந்து அத்தைதான் சொன்னார்: “வந்தா வரட்டும்ப்பா. நெல்லு வெக்கறோமே, வெள்ளம் வராதா?”

புரட்டாசிக் கடைசியில், மழைக்கு முன்னால் நட்டோம். ஒன்றரை அடி ஆழக் குழி, பத்துக் கிலோ தொழுவுரம், ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே தெரியும்படி. ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதை மட்டும் தவறாமல் கிள்ளிவிட வேண்டும். விட்டால் காட்டுச் செடி ஜெயித்து நல்ல குச்சி செத்துவிடும். முதல் இரண்டு வருஷம் பூத்தாலும் கிள்ளிப்போட வேண்டுமாம். கன்று முதலில் உடம்பு தேறட்டும் என்பதற்காக.

ஐம்பத்தைந்து கன்றுதான் நட்டோம். வேலி ஓரமாக ஐந்து குழியைச் சும்மா விட்டு, குச்சி நட்டு அடையாளம் வைத்திருக்கிறார் அத்தை. அது புயலுக்கு நின்ற மரத்தின் பிள்ளைகளுக்கு. ஆடியில் எடுத்த குச்சிகள் ஒட்டுக் கட்டி, நாற்றங்காலில் இருக்கின்றன. பத்தில் ஏழு பிழைத்திருக்கின்றன.

போன வாரம் பால் பாயசம் செய்தேன். பருப்பைச் சிவக்க வறுத்து, முதல் கரண்டியை அத்தைக்கு ஊற்றினேன். “பருப்பு பெரிசா இருக்குதே, எத்தினி நம்பரு?” என்று கேட்டார்!